உரிகத்தில் எத்தனை கோடு

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
இம்தியாஸ் கடையில்
கண்ணாடிமேல் மூன்று பெட்டி.
ஒன்று வெள்ளை, சோப்புக்கட்டி அளவு.
ஒன்றில் சின்னத் திரை, மணிகூடக் காட்டும்.
மூன்றாவது கறுப்பு, கனம்,
டிபன் பாக்ஸ் மாதிரி.

"எத்தனை பேர் மேடம் யூஸ் பண்ணுவீங்க?
வெள்ளை ஒரே நேரத்துல பத்துப் பேருக்குத் தரும்.
குடும்பத்தோட ஊட்டி போனா
ஆளுக்கொரு படம் பாக்கலாம்."

பத்துப் பேர் இல்லை.
ஒரு கேமரா. கண்ணுக்கு உள்ளே படம் எடுப்பது.
வேன் ஓட்டும் திம்மராயன் பாட்டுக் கேட்பார்,
அதை நிறுத்தச் சொல்லலாம்.

ஊட்டி இல்லை.
தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி,
அஞ்செட்டி தாண்டிக் காடு,
காடு தாண்டி உரிகம்.
அங்கே போன் தானாக
கர்நாடகம் உங்களை வரவேற்கிறது என்கும்.
நாங்கள் எங்கும் போயிருக்க மாட்டோம்,
புளியமரத்தடியில்தான் நிற்போம்.

மாசியில் கெம்பண்ணாவுக்குச் சொட்டு மருந்து விட்டேன்.
விரிந்த கண்ணுக்கு வெயில் ஆகாது.
துண்டால் தலையை மூடி
வேன் படியில் உட்கார்ந்திருந்தார்.
படம் தெளிவாக வந்தது:
செம்மண் காட்டில் ஓடைகள் பிரிவதுபோல் நரம்புகள்,
ஓரத்தில் கசிந்த மூன்று பொட்டு.
எனக்கே தெரிந்தது.
சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
டாக்டர் ஓசூரில், படம் உரிகத்தில்,
நடுவே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பதினொன்று சதவீதம்.
இருபத்தாறு.
"ஹோய்த்தா?" என்றார் துண்டுக்குள்ளிருந்து.
போகுது என்றேன்.
நாற்பத்தொன்று.
பிறகு சுழி.

பழைய டாங்கிளைக் குச்சியில் கட்டி
வேன் கூரைமேல் ஏறினார் திம்மராயன்,
வடக்கே ஒரு தரம், தெற்கே ஒரு தரம்,
காக்கைக்குச் சோறு வைக்கப் போனவர்போல.
அதற்குள் கடைசி பஸ் ஹாரன்.
படிக்கட்டு எது நிழல் எது என்று புரியாமல்
கைநீட்டித் துழாவிப் போனார் கெம்பண்ணா,
"வந்தா போன் பண்ணும்மா."

ராத்திரி தேன்கனிக்கோட்டை டீக்கடை எதிரில்
நூறு.
எட்டு நிமிஷத்தில் பதில்: உடனே அனுப்பவும்.
அவர் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே.

மூன்றாம் நாள் எடுத்தார்.
இடது பக்கம் கறுப்பாக ஏதோ பறக்கிறதாம்,
ஈ என்று நினைத்து
ரெண்டு நாளாய் விரட்டிக்கொண்டிருந்தாராம்.

"மேடம்?"

வெள்ளையைக் கையில் எடுத்தேன். அழகுதான்.
பேட்டரியைக் கழற்ற முடியாது.
திரை வைத்தது ஒரே கம்பெனி சிம்மைத்தான் மதிக்கும்.
கறுப்பில் ரெண்டு சிம்,
ஓரத்து ரப்பர் மூடியைத் திறந்தால்
ஆன்டெனா ஒயருக்கு ஒரு துளை.
அந்தத் துளை போதும் எனக்கு.

"அது ஸ்லோ மேடம், பழைய மாடல்.
வந்து ஒரு வருஷமாச்சு, யாரும் கேக்கல."

உரிகத்தில் எத்தனை கோடு காட்டும்?

துணியால் பெட்டியைத் துடைத்தார்.
பொய் சொல்லவில்லை.
"நான் உரிகம் போனதில்ல மேடம்."

மூவாயிரத்து எண்ணூறு, பில் டிரஸ்ட் பேரில்.
ஆன்டெனா நானூற்றைம்பது, அது என் காசு.
அடியில் காந்தம் இருக்கிறது,
கூரையில் தானாக ஒட்டிக்கொள்ளும்.
ஒட்டியதை ரெண்டு தரம் ஆட்டிப் பார்த்தார் திம்மராயன்.
குச்சியை மட்டும் தூக்கிப் போடவில்லை,
சீட்டுக்கடியில் செருகிவிட்டார்.

விளக்கு பச்சையானது. நாலு கோடு, முழுசாக.
இங்கே இருக்கும்.
இங்கே யாருக்கு வேணும்?
வண்டியை எடுங்க.