பென்சிலால் எழுதிய விலை

வ்ராத்சா சந்தையில் அந்தக் குளிர்காலம்
விலை கேட்பது என் உத்தியோகம்.
ரொட்டி, பாலாடைக்கட்டி, சூரியகாந்தி எண்ணெய்.
காலையில் குறித்ததை மதியத்துக்குள்
ரப்பரால் அழிக்க வேண்டும்.
தொண்ணூற்றேழு, பிப்ரவரி.
சம்பளம் வாங்கிய கையோடு ஓடியவர்களுக்கு முழு ரொட்டி.
நடந்து வந்தவர்களுக்குப் பாதி.

என் தாள்களைச் சோபியாவில் கூட்டிப் பார்த்தவள்
தெமெனூகா கரஜோவா.
கணப்பு இல்லாத அறை, விரல் நுனி வெட்டிய கையுறை.
தொலைபேசியில் கேட்பாள்:
"உன் கையெழுத்தில் இது ஒன்றா, ஏழா?"
ஒன்றுதான் என்பேன்.
அவள் எழுதி முடிப்பதற்குள்
சந்தையில் அது ஏழாகியிருக்கும்.

பிறகு லெவில் மூன்று சுழிகளை வெட்டினார்கள்.
அந்தக் கூட்டத்தில் கடைசி நாற்காலி அவளுக்கு.
இரவில் கூப்பிட்டுச் சொன்னாள்:
"ஆயிரம் ஒன்றாகிவிட்டது, போயான்.
கிலோ மட்டும் கிலோவாகவே இருக்கிறது, பார்த்தாயா?"

வியன்னா. எட்டு வருஷம். இரண்டு புத்தகங்கள்,
இரண்டிலும் அடிக்குறிப்பில் என் பெயர்,
எழுத்துப் பிழையோடு.

திரும்பி வந்தபோது ஒரு கட்சி அவளுக்காகக்
கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.
மெஸ்த்ரா ரயில் பட்டறையில் முதல் கூட்டம்.
ஓய்வூதியக் கணக்கை விளக்கினாள்.
எதிரே நூறு தலைகள்
மேலும் கீழும், மேலும் கீழும்.
உற்சாகமாகி இன்னும் அரை மணி பேசினாள்.
பின்வரிசையில் எனக்கு வியர்த்தது.
காரில் மெல்லச் சொன்னேன்:
"வெளிநாட்டிலேயே இருந்துவிட்டீர்கள்.
இங்கே மேலும் கீழும் ஆட்டினால்
இல்லை என்று அர்த்தம்."
சுரங்கப்பாதை முடியும்வரை பதில் இல்லை.
வெளிச்சம் வந்ததும் சொன்னாள்:
"தெரியும்.
ஆமாம் என்று படித்துக்கொண்டேன்.
அரசியல் எனக்கு வந்துவிட்டது போலிருக்கிறது."

வந்துவிட்டது.
பதினான்கு மாதம் அமைச்சர்.
கறுப்பு வண்டி, கூடவே இருமும் செயலாளர்,
கையெழுத்துக்குக் காத்திருக்கும் பச்சைக் கோப்புகள்.
ஒன்றில் எங்கள் பள்ளத்தாக்கு ரயில்.
வரிசை எண் முப்பத்தேழு:
பயணிகள், சராசரி, பதினொன்று.
கையெழுத்திட்டாள்.
அந்தப் பதினொன்றில் நான் ஒருவன்.
இன்றுவரை சொல்லவில்லை.
சராசரிக்குப் பெயர் கிடையாதென்று
எனக்குச் சொல்லித் தந்தவளே அவள்தான்.

அரசு விழுந்தது.
அடுத்த தேர்தலில் எங்கள் ஊரில் அவளுக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு வாக்குகள்.
"இது ஒன்றா, ஏழா?" என்று கேட்டாள்.
இரண்டு பேரும் சிரித்தோம்,
அவள் கொஞ்சம் முன்னதாக நிறுத்தினாள்.

போன சனிக்கிழமை சந்தைக்கு வந்தாள்,
பேருந்தில். ரயில்தான் இல்லையே.
லீக்ஸ் கட்டு என்ன விலை என்றாள்.
ருமியான் முகத்தை உற்றுப் பார்த்தான்.
"மற்றவர்களுக்கு மூன்று.
அமைச்சருக்கு நான்கு."
பேரம் பேசவில்லை.
நான்கைக் கொடுத்து ரசீது கேட்டாள்,
ரசீது புத்தகம் வீட்டில் என்றான்.

என் பக்கம் திரும்பி,
"நீ எதைக் குறிப்பாய்?"

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது.
பையில் பென்சில் இருந்தது.
இரண்டையும் எழுதினேன்.