எண் அடிக்கிறவன்

கடலூர் முதுநகரில் லேத்துப் பட்டறை எனக்கு.
தடைக்காலம் அறுபத்தோரு நாளும்
தூக்கம் கிடையாது.
உப்பனாற்று ஓரம்
வயிற்றைத் திறந்துபோட்டுக் கிடக்கும் படகுகள்.

பாவாடைராயன் படகு
நான் முதலில் பார்த்தபோது முப்பத்திரண்டு அடி,
அறுபத்தெட்டுக் குதிரை.
அப்புறம் நடுவில் அறுத்துப் பன்னிரண்டு அடி செருகினார்கள்.
நீண்ட படகுக்கு எஞ்சின் போதவில்லை.
எஞ்சினை மாற்றினால் வலை போதவில்லை.
வலைக்கு ஆள், ஆளுக்குச் சோறு,
மீனுக்கு ஐஸ், ஐஸுக்கு அறை,
அறைக்கு இன்னொரு பத்தடி.
கடன் எவ்வளவு என்று நான் கேட்டதில்லை.

இந்த வருஷம் லாரியில் வந்தது சீனத்து எஞ்சின்.
இறக்க இரண்டு கிரேன்.
தகட்டில் நானூற்றைம்பது.
"இருநூத்தி நாப்பதுக்கு மேல பதிவு இல்லண்ணே"
என்று வெறும் அலுமினியத் தகட்டை
மேசையில் வைத்தான் அவர் மகன் வேலவேந்தன்.
கூலி ஐந்நூறு.

அடித்தேன்.
இரண்டு. நாலு. சைபர்.
சைபர் மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

ஆய்வாளர் அம்மா வந்தார்.
டேப்பின் நுனியை என்னிடம் கொடுத்து
அணியத்துக்குப் போகச் சொன்னார்.
டேப் தீர்ந்தது, படகு தீரவில்லை.
சாக்கட்டியால் கோடு போட்டு
மறுபடி பிடித்தோம்.
எஞ்சின் அறையில் குனிந்து டார்ச் அடித்தார்.
சாய்ந்த சைபரில் வெளிச்சம்
சற்று நேரம் நின்றது.
என்னைப் பார்த்தார். எதையோ எழுதினார்.

தடை முடிந்த நள்ளிரவு
சத்தத்தை வைத்தே சொல்வேன் எந்தப் படகு என்று.
அன்று ஒரு சத்தம் மட்டும்
போகவும் இல்லை, நிற்கவும் இல்லை.
ஓடிப் போய்ப் பார்த்தால்
முகத்துவார மணலில் குந்தியிருக்கிறது.
நானூற்றைம்பது குதிரையும்
சேற்றைக் கரைத்துக் குடிக்கின்றன.
பக்கத்தில் என் மச்சான் சின்னாண்டியின் ஃபைபர் படகு,
ஒன்பது குதிரை, தகடும் அதுவே,
பீடி நெருப்போடு தாண்டிப் போனது.
விடியலில் வெள்ளம் ஏறிப்
பெரியது கிளம்பியபோது
அது கிளப்பிய அலையில்
தூண்டில்காரன் ஒருவனின் சாப்பாட்டுத் தூக்கு
ஆற்றோடு போயிற்று.

மறுவாரம் அடுத்த படகுக்காரர் வந்தார்.
"அறுநூறு வாங்கியிருக்கேன்.
தகட்டுல அதே இருநூத்தி நாப்பது."

சைபர் அச்சு தேய்ந்துவிட்டது என்றேன்.
பொய்யில்லை.

அவர் அச்சுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்
கிளறினார்.
"இங்கிலீஷ் ஓ இருக்கே,
அத அடிங்க."