விண்ணப்பக் கட்டணம் திருப்பித் தரப்படாது

நாற்பத்தைந்து டாலரைச்
சில்லறையாகவே கொண்டுவந்தாள் பெர்னடெட் நோவிட்ஸ்கி.
காபித்தூள் டப்பாவில், மூடியை டேப் சுற்றி,
எல்லாம் கால் டாலர்கள்.
நூற்றெண்பது இருக்கும், எண்ணிக்கொள்ளுங்கள் என்றாள்.

மணியார்டர் மட்டும்தான் வாங்குவோம்,
சுவரில் எழுதியிருக்கிறது என்றேன்.
அவள் சுவரைப் பார்க்கவில்லை.
என் கழுத்துத் துண்டைப் பார்த்தாள்.
"அந்தச் சிவப்பு சாயம் விடும்.
முதல் தடவை தனியாகப் போடு."

அப்போதுதான் ஆளைத் தெரிந்தது.
லக்ராஞ்ச் தெருவில் பதினெட்டுச் சலவை எந்திரங்கள் வைத்திருந்தவள்.
என் மகனுக்கு வயிறு கெட்டிருந்த வாரம்
அடைத்த கதவை இரவு பதினொன்றுக்குத் திறந்துவிட்டு
நாற்றம் பிடித்த போர்வைகளை
என் கையிலிருந்து முகம் சுளிக்காமல் வாங்கியவள்.
ஒரு ஜனவரியில் குழாய் வெடித்தது என்று கேள்விப்பட்டிருந்தேன்.
உறைந்து வெடித்தால் ஒன்று, வெடித்து ஊறினால் வேறொன்று என்று
காப்பீட்டுக்காரன் இலக்கணம் பேசினானாம்.
பிறகு ஜன்னலில் பலகை அடித்திருந்தது.
நான் வேறு கடைக்குப் போனேன்.

கட்டணம் வரும் முன் பெயரைத் தட்டக்கூடாது.
தட்டினேன்.

மூன்று பழைய முகவரிகள்.
வாடகை தவறிய மாதங்கள்: இல்லை.
வீட்டைக் கெடுத்ததாகப் புகார்: இல்லை.
அதற்குக் கீழே, சிவப்பில்,
அத்தியாயம் ஏழு.

மஞ்சள் கடுதாசிக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் அதுதான் பேர்.
கதைப்புத்தகம் என்றால்
ஏழாம் அத்தியாயத்துக்குப் பிறகும் பக்கங்கள் இருக்கும்.

நீதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டார், விடுவிக்கப்பட்டாள் என்று.
இன்றைய தேதியில் அவளுக்கு
டொலீடோ நகரத்தில் ஒருவரிடமும் ஒரு காசு பாக்கியில்லை.
எனக்கு உண்டு.
கார், பாதியில் விட்ட கல்லூரி, பல் வைத்தியர்,
கேட்பதையே நிறுத்திவிட்ட என் அக்கா.
எனக்கு இதே கட்டடத்தில் மூன்றாம் மாடி,
ஊழியர் தள்ளுபடியோடு.

கடன்காரியை நம்பலாம்.
கடன் தீர்ந்தவளைப் பத்து வருஷத்துக்கு நம்பக்கூடாது.
இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டதில்லை;
பொத்தான்கள் பிடிபடும்.

"இது நாலாவது இடம்.
எல்லோரும் காசை வாங்கிக்கொண்டுதான் இல்லை என்கிறார்கள்.
இல்லைக்கு இந்த ஊரில் நல்ல விலை" என்று சிரித்தாள்.
கண்ணாடிக்கு வெளியே அவள் வண்டி,
கூரையில் கட்டிய மெத்தைமேல் பனி.
முன்னிருக்கையில் ஒரு பெண்,
பன்னிரண்டு வயதிருக்கும், டாஷ்போர்டில் நோட்டை வைத்து
எதையோ அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தது.

முடிவை வாயால் சொல்லக்கூடாது. கடிதம்தான் போகும்.
(எந்த முகவரிக்கு?)
என் தலைக்குமேல் கேமரா.

எனவே டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன்.
"சில்லறை வாங்க மாட்டோம்" என்றேன்,
இந்த முறை கொஞ்சம் சத்தமாக.
பக்கத்தில் மணியார்டர் கிடைக்குமா என்று கேட்டாள்.
"இன்றைக்கு நேரமாகிவிட்டது."
மணி இரண்டு.

என்னிடம் இருந்த தயவு அவ்வளவுதான்.
அவள் காதில் அது எப்படி விழுந்தது என்பது
டப்பாவை எடுத்த விதத்தில் தெரிந்தது.
"இந்தக் காசில்தான் உன் போர்வைகள் சுத்தமாயின"
என்று சொல்லியிருக்கலாம்.
அவளுக்கு என்னை நினைவிருந்ததா என்று
இப்போதும் தெரியாது.
கதவை மெதுவாகவே சாத்தினாள்.

எங்கள் அடித்தளத்து எந்திரங்களுக்குக் காசு வேண்டாம்,
அட்டையைத் தேய்த்தால் போதும்.
அன்றிரவு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன்.
மகனின் பள்ளிச் சட்டை, தலையணை உறைகள்,
என் ஒரே வெள்ளை ரவிக்கை,
எல்லாம் இளஞ்சிவப்பு.