நீர்மட்டம்

லேவர்டன் நகரில், மூன்றாம் மாடியில்,
ஃபென்னாவின் அறையில் இரண்டு நாற்காலிகள்.
எதிரும் புதிருமாய் வரும் கப்பல்கள்
ஒன்றையொன்று தாண்டிப்போவதுபோல்
தோளுக்குத் தோள், சற்றே விலக்கிப் போட்டிருக்கிறாள்.
முகத்தைப் பார்த்தாக வேண்டியதில்லை.
அதற்காகவே மறுபடி வந்தேன்.

முதல் நாள் குழல்விளக்கு ரீங்கரித்தபடியே இருந்தது.
"அணைக்கலாமா" என்று கேட்க
எனக்கு நாற்பது நிமிடம் ஆனது.
அணைத்தாள். காரணம் கேட்கவில்லை.

நான் கால்வாய்ப் பாலம் திறப்பவன்.
இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார்,
மணியடி, தடுப்பை இறக்கு,
தார்ச்சாலையை வானத்துக்கு நிமிர்த்து.
இருபத்திரண்டு வருடம்.
போன நவம்பரில் ஒரு பாய்மரப் படகு
சிவப்பு விளக்கை மதிக்காமல் நுழைந்தது.
மரம் முறிந்தது. ஒருவருக்குக் கால் போனது.
அதற்காகத்தான் என்னை இங்கே அனுப்பினார்கள்;
படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது.
இன்னொரு கட்டத்தில்: ஆட்டிசம், ஆம்.

இரண்டு விரலை உயர்த்தி
இடமும் வலமும் ஆட்டினாள்.
கண்ணால் தொடரச் சொன்னாள்.
நகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.
படகை நினைக்கச் சொன்ன நேரமெல்லாம்
அந்தப் புள்ளியோடுதான் இருந்தேன்.
விரலுக்குப் பதில் விளக்குப்பட்டை கொண்டுவந்தாள்.
சிவப்புப் பொட்டு ஓடியது.
சிவப்பென்றால் நில். நின்றுவிட்டேன்.
பச்சைக்கு மாற்றினாள்.

"பூஜ்யத்திலிருந்து பத்துவரை,
எவ்வளவு தொந்தரவு?"
"எதோடு ஒப்பிட்டு?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
மறுவாரம் சுவரில் ஒரு நீர்மட்டக் கம்பம்
வரைந்து ஒட்டியிருந்தது,
சென்டிமீட்டர் கோடுகளோடு, என் உயரத்துக்கு.
அதில் பதில் சொல்ல வந்தது.

படகுக்கு, முழங்கால்.
"அவ்வளவுதானா, வீப்ரென்?"
அவ்வளவுதான். பிழை என்னுடையதில்லை.
காலிழந்தவருக்குக் கடிதம் எழுதினேன், பதில் போட்டார்.
ஆனால் விசாரணையன்று ஓர் அதிகாரி
மேசைமேல் சாவிக்கொத்தை வீசினார்.
அந்தச் சத்தத்துக்கு
கம்பத்தில் கோடு போதவில்லை.

தலைக்குமேல் போனால்
சாணென்ன முழமென்ன என்று விட
எனக்குத் தெரியாது.
அளந்தேன். தலைக்குமேல் ஒரு முழம்.

ஒன்பது வயது. பள்ளியில் துடைப்பம் வைக்கும் அறை.
நான் காதைப் பொத்திக் கத்தினால்
ஹொய்ட்ஸ்மா வாத்தியார் உள்ளே தள்ளிப் பூட்டுவார்.
அமைதி அறை என்று பெயர் வைத்திருந்தார்கள்.
இருட்டு பரவாயில்லை, இருட்டு சத்தம் போடாது.
சாவி தூரத் தூரப் போவதைக்
கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

"இதைச் சொல்லலாமா?
யாருக்கும் கால் போகவில்லையே."
"பச்சையைப் பாருங்கள்" என்றாள் ஃபென்னா.

இருபத்துநான்கு தடவை, இடமும் வலமும்.
"என்ன வருகிறது?"
ஈரத் துடைப்பத்தின் நாற்றம்.
"அதோடு போங்கள்."
மறுபடி. இப்போது?
ஒன்றுமில்லை. மூக்கு ஒழுகுகிறது.
"சரி, அதோடு."
மறுபடி.
கதவின் அடியில் ஒரு வெளிச்சக் கோடு.
அதில் கால்நிழல்கள்
இப்படிப் போகும், அப்படிப் போகும்.
தரையில் கன்னத்தை வைத்துப்
பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறேன்.
அப்போதும் என் கண்
இடமும் வலமும்தான் போயிருக்கிறது.

அதற்குப்பின் பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.
இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனது.
எனக்கு அப்படி நடந்ததே இல்லை.

குணமாகிவிட்டதா என்று அக்கா ஹில்யா கேட்கிறாள்.
இன்று காலை ஹெர்லோஃப் சாவியைக் கீழே போட்டான்.
இடுப்பு என்று சொன்னேன்.
அவனுக்குப் புரியவில்லை,
தன் பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டான்.

மணல் ஏற்றிய படகு ஒன்று காத்திருந்தது.
திறந்தேன். அது கடக்க நான்கு நிமிடம்.
தடுப்புக்குப் பின்னால் கார்கள்
ஒன்றுசேர்ந்து ஹார்ன் அடித்தன.
காதைப் பொத்திக்கொண்டேன், இரண்டு கையாலும்,
கண்ணாடி அறையில், எல்லோரும் பார்க்க.
பொத்தியபடியே
இடப்பக்கம் பார்த்தேன்.
வலப்பக்கம் பார்த்தேன்.