மற்றவை

காரைக்குடி, கல்லூரிச் சாலைக் கிளை.
கல்விக்கடன் மேசையில்
என் படிப்பைத் தேடிக்கொண்டிருந்தார் அவர்.
பொறியியல், மருத்துவம், வேளாண்மை, மீன்வளம்.
மீன்வளத்தில் ஒரு கணம் நின்றார்.
"நாடகம்னா, கூத்தா? டான்ஸா?"
"எழுதுறது சார். நாடகம் எழுதுறது."
"அதைப் போயிப் படிக்கணுமா?"
எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
பட்டியலின் அடிமட்டத்துக்கு இறங்கி
'மற்றவை' மேல் ஒரு தட்டு.
அப்படித்தான் சேர்ந்தேன்.

முதல் பருவத்துக்கு ஒரு காட்சி கேட்டார்கள்:
இரண்டு பேர், ஒரு மேசை, பத்து நிமிடம்.
விடுதியில் மின்சாரம் போன இரவில்
கைபேசி வெளிச்சத்தில் அவரை எழுதினேன்.
பெரிய மீசை வைத்தேன்.
பாக்கு மெல்ல வைத்தேன்.
நல்ல வசனங்களையெல்லாம் நானே எடுத்துக்கொண்டேன்.
புதுவயல் ஆலையில் அப்பா தூக்கிய மூட்டைகளை
ஒன்றுவிடாமல் அந்த மேசைமேல் இறக்கினேன்.
கடைசியில் அவர் தலை குனிய வேண்டும்,
விளக்கு அணைய வேண்டும்.
கைதட்டலுக்கு இடம் விட்டு
அடைப்புக்குறிக்குள் 'நீண்ட மௌனம்' என்று போட்டேன்.

வாசித்தபோது ரபீக் விசிலடித்தான்.
செந்தாமரை கண்ணைத் துடைத்தாள்.
கானாடுகாத்தானில் சினிமாக் கல்யாணத்துக்கு
விடிய விடியத் தாம்பாளம் ஏந்தி நின்றுவிட்டு
அறுநூறு ரூபாயோடு வந்தவள்;
தூக்கமாகவும் இருக்கலாம்.

வங்கிக்காரராக நடிக்க வேண்டிய
தேவகோட்டை இன்னாசி
தாள்களைத் திருப்பித் தந்தான்.
"இவன் காலையில என்ன சாப்பிட்டான்?
உன்னைக் கேவலப்படுத்தத்தான்
மாசாமாசம் சம்பளம் குடுக்குறாங்களா?
இவனுக்கு என்னதான் வேணும், சொல்லு."

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மூன்றாம் நாள்
பணம் கட்டும் சீட்டு ஒன்றைப் பேருக்குக் கையில் வைத்துக்கொண்டு
வங்கியின் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தேன்.
மீசையே இல்லை அவருக்கு.
அடகு நகை ஏலத்துக்குப் போகிறதென்று
அழுதுகொண்டு வந்த பெண்ணிடம்
குரலைத் தாழ்த்தி,
"வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் இந்த நோட்டீஸைப் பாக்கலை" என்றார்.
இரண்டேகாலுக்கு டிபன் பாக்ஸ்.
ஸ்டேப்ளர்மேல் சாய்த்த கைபேசியில்
அரக்கோணத்திலிருந்து ஒரு சிறுவன்
விழுந்த பல்லைக் காட்டினான்.
"இந்த மாசம் மாத்தல் வந்துரும்டா."
அந்த வரியை அவர் நிறையத் தடவை சொல்லியிருக்கிறார்.
ஒத்திகை பார்த்த காது எனக்கு,
தெரிந்துவிட்டது.

திரும்பி வந்து அடித்தேன், அடித்தேன்.
மீசை போனது. பாக்கு போனது.
மூட்டைகள் ஆலைக்கே திரும்பின.
எனக்கு மிகப் பிடித்த நாலு வரிகளை
நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன்,
தூக்கிப்போட மனமில்லை.
பத்து நிமிடம் ஆறாகச் சுருங்கியது.

அரங்கேறிய மாலை.
வசனம் கேட்க வேண்டுமென்று
மின்விசிறிகளை நிறுத்தியிருந்தோம்.
பார்க்க வந்தவர்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள்.
நானாக நடித்த செந்தாமரை
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.
அவர் மட்டும் மேசையில்.
நாற்பது நொடி.
டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும்; அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.
மூடி உண்மையிலேயே சிக்கிக்கொண்டது.
இன்னாசி முழங்காலில் இடுக்கித் திருகினான்,
முந்தானை இல்லாததால் சட்டை நுனியால் பிடித்தான்,
பிறகு திறக்காமலே
அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.
விளக்கு அணைந்தது.
யாரும் கைதட்டவில்லை.
முன்வரிசையில் ஒரு குழந்தை
"முடிஞ்சிருச்சா?" என்றது.

எழுபத்தொரு மதிப்பெண்.

மூன்றாம் தவணை இன்னும் வரவில்லையென்று
திங்கட்கிழமை வங்கிக்குப் போனேன்.
சொல்ல ஏதோ வைத்திருந்தேன்,
அவரிடம் சொல்ல.
நாற்காலியில் வேறொரு பெண்,
புதிது, கழுத்தில் அடையாள அட்டையின் பளபளப்பு.
என் படிப்பைத் தேடத் தொடங்கினாள்.
பொறியியல், மருத்துவம்,
வேளாண்மை...

"கீழ போங்க மேடம்" என்றேன்,
திரைக்குப் பின்னால் நின்று
வரி எடுத்துக் கொடுப்பவளின் குரலில்,
"இன்னும் கீழ."