ளகரம்

ஒன்றுக்கு ஐயாயிரம் அளவுத்திட்டத்தில்
ஏறாவூர் ரயில் நிலையம்
என் சுண்டுவிரல் நீளம்.
அதைச் சுற்றி வட்டம் போட்டேன்:
பத்து நிமிட நடை.
யாருடைய நடை என்று வழிகாட்டியில் இல்லை.
உச்சி வெயிலில் மீன்பெட்டி சுமப்பவருடையதா,
ரயிலுக்குப் பிந்தியவருடையதா?

மஞ்சள் என்றால் குடியிருப்பு.
சிவப்பு, வணிகம்.
இரண்டையும் குழைத்தால் வருகிற செம்மஞ்சளுக்குக்
கலப்புப் பாவனை என்று பெயர்.
கீழே மருந்துக்கடை, மேலே வீடு,
அதற்கும் மேலே தண்ணீர்த் தாங்கி,
கொடியில் யாருடையதோ பள்ளிச் சீருடை.
அரைமணிக்கு ஒரு ரயில்பஸ்
மட்டக்களப்புக்கு ஓடும் என்று வைத்துக்கொண்டு
வரைந்தவைதான் இவ்வளவும்.
வைத்துக்கொண்ட அந்த ரயில்பஸ்
இப்போதைக்கு அடிக்குறிப்பில் ஓடுகிறது,
ஆகச் சிறிய எழுத்தில்.

மூன்று விடியல் நிலையத்தில் நின்று எண்ணினேன்.
அலியார் லெவ்வையின் கொட்டிலில்
நூற்று நாற்பத்து மூன்று சைக்கிள்.
அதில் இரண்டு ஒரே சங்கிலியில்.
"புருசன் பொண்டாட்டிட.
அவன் கச்சேரி, அவ ஆஸ்பத்திரி.
சாவி அவக்கிட்டதான்."
ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறுவார்கள் என்று
நல்லரெத்தினத்தைக் கேட்டேன்.
கொடியைச் சுருட்டிக்கொண்டே திருப்பிக் கேட்டார்:
"டிக்கட் எடுத்தா, எடுக்காமலா?"

கூட்டத்துக்கு முதல்நாள்
கரண்ட் போய்ப் போய் வந்தது.
அவசரத்தில் ஹில்மியா தட்டிய தலைப்பு
ஆறடிப் பதாகையில் அச்சாகி வந்து சேர்ந்தது:
'நிலையச் சூழல்
களப்புப் பாவனைத் திட்டம்.'

ஒரேயொரு ளகரம்.
பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி போட்டுப் பார்த்தார்.
ளகரம் அங்கேயே நின்றது.

முதலில் சிரித்தது பின்வரிசைப் பொடியன்கள்.
"வாவிக்குள்ளயா சேர் கட்டப் போறீங்க?"
சிரிப்பு முன்வரிசைக்கு வருமுன்
றகுமத்தும்மா எழும்பினார்,
நிலைய வாசலில் ஆப்பம் சுடுகிறவர்.
வரைபடத்தடிக்கு நடந்து வந்து
செம்மஞ்சளின் பள்ளமான மூலையில்
மாவு காய்ந்த விரலை வைத்தார்.

"எழுத்துச் சரிதான் புள்ள.
மார்கழியில வந்து பாருங்க.
எண்ட அடுப்பு மிதந்த இடம் இது.
தண்டவாளம் மட்டும்தான் மேல தெரிஞ்சிச்சு.
ஆடும் நாங்களும் அதிலதான் ரெண்டு ராவு."

பிறகு யாரும் சிரிக்கவில்லை, சத்தம் போட்டார்கள்.
தண்ணீரைத் திருப்பிவிட்டது
பாதைக்கு அந்தப் பக்கத்தார் என்று இந்தப் பக்கம்,
இந்தப் பக்கத்தார் என்று அந்தப் பக்கம்.
பழைய சந்தேகங்கள் கதிரைகளை நகர்த்தின.
நல்லரெத்தினம் எழும்பி
இருப்பது ஒரு மதகு, அதன் வாய் மூன்றடி,
அதற்குள்ளும் பாதி மண் என்று சொன்னார்.
சற்று நேரம் யோசித்து
இரண்டு பக்கமும் சேர்ந்து
மதகைத் திட்டத் தொடங்கின.

அன்றிரவு
செம்மஞ்சளில் கால்வாசியைச் சுரண்டி எடுத்தேன்.
கடைகளை மேட்டுக்கு ஏற்றினேன்.
மேட்டில் ஏற்கெனவே
அலியார் லெவ்வையின் கொட்டில் இருந்தது.
அதைத் தொடாமல் வளைத்துப் போக
என் நேர்கோடு சம்மதிக்க வெகுநேரமானது.

காலையில் ஹில்மியா கேட்டாள்,
"எழுத்த மாத்தவா, மிஸ்?"
குறிவிளக்கத்தில் இரண்டையும் போடச் சொன்னேன்.
கலப்புப் பாவனை: செம்மஞ்சள்.
அதன் கீழே இன்னொரு வரி,
களப்புப் பாவனை: நீலம்,
மார்கழி தொடங்கி வற்றும் வரை.
மேலிடம் அந்த வரியை வெட்டலாம்.
வெட்டட்டும், தண்ணீருக்கு வாசிக்கத் தெரியாது.

இன்னொரு விடியல், சைக்கிள் எண்ணப் போனபோது
றகுமத்தும்மா இரண்டு ஆப்பம் சுற்றித் தந்தார்.
"புள்ள, அந்தக் கீழ்க் கட
என்ன வாடகைக்கு வரும்?"

எல்லாவற்றுக்கும் ஒரு நிறம் வைத்திருந்தேன்.
அதற்கு வைத்திருக்கவில்லை.
சட்டியில் அடுத்த ஆப்பம் ஓரம் சிவந்துகொண்டிருந்தது.
நான் ஆப்பத்தின் விலையைக் கேட்டேன்.