ஆளில்லாத படம்

கோண்டாவிலில் விலைக்கு வந்த வீடு.
பகல் பதினொன்றரை. யன்னலுக்கு வெளியே வெயில்,
உள்ளே கோப்பி நிறத்தில் இருட்டு.
ஒரே படத்தில் இரண்டும் விழாது.
யன்னலைப் பார்த்து எடுத்தால் கூடம் கிணறாகும்,
கூடத்தைப் பார்த்து எடுத்தால் யன்னல் சுண்ணாம்பாகும்.

ஆகவே மூன்று.
எட்டிலொரு செக்கன், யன்னலுக்கு.
அரைச் செக்கன், சுவருக்கு.
இரண்டு முழுச் செக்கன்,
மேசைக்குக் கீழே குந்தியிருக்கும் இருளுக்கு.
பிறகு கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி
நல்லதை மட்டும் நல்லதோடு சேர்ப்பேன்.

வீடு அசையாது, அது வீட்டின் நல்ல குணம்.
ரயில் போகிற நேரம் தவிர.
ரயில் போய்விட்டது.
முக்காலியின் காலுக்கடியில் செங்கல் வைத்தேன்.
நிறுத்திய மின்விசிறிதான்
மனமில்லாமல் இன்னும் ஒரு சுற்று, இன்னும் அரைச் சுற்று.
நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"வாடகைக்கு இருக்கிற ஆக்கள் படத்திலை வரக்கூடாது,
அவையின்ரை சாமானும்."
ரொறன்ரோவிலிருந்து குரல்பதிவு.
சாமானை ஒதுக்கினோம்:
பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து, தையல் மெசின்,
சுவரில் ஒட்டியிருந்த பெருக்கல் வாய்ப்பாடு.
ஒட்டிய சதுரம் மட்டும் வெளிறாமல் நின்றது.
யோகமலரக்காவை ஒதுக்க மறந்துபோனேன்.

முதல் சொடுக்கில் யன்னலருகே வந்தார்.
இரண்டாவதில் கூடத்தின் நடுவில்.
மூன்றாவது முடியுமுன் குசினிக்குள்.
கையில் வாளி.

"அக்கா, ஒரு நிமிசம் அசையாமல் நில்லுங்கோ."
"உலை கொதிக்குது தம்பி,
அதையும் ஒருக்கா நிக்கச் சொல்லுங்கோ."

இரவு, திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் என் அறை.
மூன்றையும் சேர்த்தேன்.
மேசை துலங்கியது. யன்னலுக்கு வெளியே
வாழையிலையின் கிழிசல்கூடத் தெரிந்தது.
மின்விசிறிக்கு ஏழு இறக்கை.
நடுவில் ஒரு பெண்,
கதவுநிலை அவர் வயிற்றினூடாகத் தெரிய.

பெரிதாக்கினேன்.
எட்டிலொரு செக்கனில் அவர் விளிம்பு கத்திபோல்:
மூக்கு, கொண்டை, வாளியின் கைபிடி. உள்ளே வெறும் கறுப்பு.
இரண்டு செக்கனில் சோட்டியின் மஞ்சள்
முழுதாக வந்திருந்தது,
யாருடையது என்று சொல்ல எதுவுமில்லை.
உருவம் உள்ள படத்தில் வெளிச்சம் இல்லை.
வெளிச்சம் உள்ள படத்தில் உருவம் இல்லை.
அரைச் செக்கனில் இரண்டும் பாதி.

மென்பொருள் கேட்கிறது, எதை மூலமாக வைக்க?
ஒன்றைச் சொன்னால்
மற்ற இரண்டிலும் அசைந்ததையெல்லாம் அது மறந்துவிடும்.
கேள்வியே தேவையில்லை.
பாதிக் காசு முன்னாலேயே வாங்கிவிட்டேன்.

யன்னலை அவர் கடந்தபிறகு எடுத்ததிலிருந்து எடுத்தேன்.
நடுச்சுவரை இருட்டுப் படத்திலிருந்து இழுத்துத் தூக்க
மணல்போல் புள்ளி வந்தது. துடைத்தேன்.
தூரிகையால் தடவித் தடவி
பன்னிரண்டு நிமிடம்.
அவர் கூடத்தைக் கடந்ததோ நாலே எட்டில்.

அனுப்பினேன்.

விடியமுன் ரொறன்ரோ அழைத்தது.
"படம் திறம். ஆனா தம்பி,
நிலத்திலை என்ன ஈரம்? கூரை ஒழுகுதோ?"

பார்த்தேன்.
சிவப்புச் சீமெந்தில், யன்னலிலிருந்து குசினிப் பக்கமாய்
ஈரப் பாதங்கள்,
இரண்டு செக்கனும் அசையாமல் நின்றவை.
மென்பொருளுக்கு அவற்றில் குறையொன்றும் தெரியவில்லை,
எனக்கும்தான்.

"ஒழுகேல்லை," என்றேன்.
"ஆக்கள் இருக்கினம்."